பனியனுக்கும் உண்டு சந்தேகத்தின் பலன்

பயந்தவன் கையில் சட்டம் கிடைக்கக் கூடாது. தைரியசாலிக்குக் கிடைத்தால் அடுத்தவனைத்தான் கெடுப்பான். பயந்தவன் தன்னைக் கெடுத்துக்கொண்டு, பெண்டாட்டி வேலையையும் கெடுத்து, ஒரு கம்பெனிக்கே பூட்டுப் போட வைப்பான். நான் வைத்தேன். (நிரந்தரமாக இல்லை, மூன்று வாரம்தான். ஆனால் அப்போது எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் குத்துகிறது.)

அப்போது மண்ணரையில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் நான் செக்கிங். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு அது பெரிய உத்தியோகம். பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிற என் வியாதியை யாரோ முதலாளியிடம் சொல்லியிருக்கிறார்கள். "அப்ப அவனச் செக்கிங்ல போடுங்க. சந்தேகப்படறவன்தான் அதுக்கு வேணும்" என்றாராம். வாழ்க்கையில் என் வியாதிக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. என் மனைவி சரசு அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அவள் தைத்தது என் மேஜைக்குத்தான் வரும்.

சாயப்பட்டறை வழக்கில் கோர்ட்டு என்ன சொல்லுமோ என்று ஊரே பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம். ஆர்டர் குறைந்துவிட்டது. ஒரு நாள் சூப்பர்வைசர் சின்னசாமி எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்த லாட் முடிஞ்சதும் ஒரு டெய்லரக் கொறைக்கோணுமுங்க. யாரு பேர்ல ஆல்டர் ஜாஸ்தியோ, அவிய ஊட்டுக்குப் போக வேண்டியதுதான்."

ஆல்டர் என்றால், குறையுள்ள பீஸில் ஸ்டிக்கர் ஒட்டி, தைத்தவரிடமே திருப்பி அனுப்புவது. ஒட்டுகிற கை என்னுடையது. சரசு சம்பளம் நின்றால் வீட்டு வாடகைக்கு வழியில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது.

அந்த நிலைமையில்தான் டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைப் படித்தேன். ரிட்டயர் ஆன வக்கீல் ஒருவர் வாராவாரம் நாட்டு நடப்பை எடுத்துச் சட்டமும் தத்துவமும் கலந்து எழுதுவார். அந்த வாரம், செய்யாத திருட்டுக்காகப் பல வருஷம் உள்ளே கிடந்து விடுதலையான ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார். தண்டனை திருப்பி எடுத்துக்கொள்ள முடியாத பொருள், போன வயசை எந்தச் சர்க்கார் கொண்டுவந்து கொடுக்கும் என்று கேட்டிருந்தார். அதனால்தான் சந்தேகம் வந்தால் அதன் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுக்கிறார்கள். அப்படி விடுதலை செய்த நீதிபதி நிம்மதியாகத் தூங்கலாம் என்று முடித்திருந்தார்.

மற்றதெல்லாம் பாதிதான் புரிந்தது. 'தூங்கலாம்' மட்டும் நன்றாகப் புரிந்தது.

மறுநாள் சரசுவின் பண்டல் வந்தது. முதல் பீஸை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கினேன். தோள் தையல் ஓரத்தில் ஊசி முனையளவு ஒரு புள்ளி. ஓட்டையா, வெளிச்சமா? சாய்த்துப் பார்த்தால் ஓட்டை, நிமிர்த்திப் பார்த்தால் வெளிச்சம். முந்தின வாரமாக இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன். இப்போது எனக்குச் சட்டம் தெரியுமே! விடுதலை செய்தேன். அன்றைக்கு ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

(பெண்டாட்டிக்கு மட்டும் சலுகை என்று பேச்சு வரக் கூடாதல்லவா? சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று எல்லா டெய்லர்களுடைய பீஸுக்கும் சந்தேகத்தின் பலனை வாரி வழங்கினேன். வள்ளல் மாதிரி.)

"ஏனுங்க, ஆல்டரே வரக்காணோம்?" என்று சின்னசாமி கேட்டார்.

"எல்லாரும் திருந்தீட்டாங்க" என்றேன்.

லாட் முடிந்து பெட்டி கட்டிய பிறகு, சரக்கு எடுக்கிற பையிங் ஆபீஸிலிருந்து தரம் பார்க்க க்யூ.சி. வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர். ஒரு பெட்டியைப் பிரித்து ஒரு பனியனை எடுத்தார். வெளிச்சத்தில் எல்லாம் பார்க்கவில்லை. தோள் தையலை இரண்டு கையாலும் பிடித்து ஓர் இழு. என்னுடைய புள்ளி வாயைத் திறந்தது. அதில் சுண்டுவிரலை விட்டு ஆட்டிக் காட்டினார். அடுத்த பனியன், அடுத்த விரல்.

"யாரு பாஸ் பண்ணுனது?"

எல்லாரும் என்னைக் காட்டினார்கள்.

"என்ன அண்ணாச்சி இது?"

"சந்தேகமா இருந்துச்சுங்க."

"சந்தேகம்னா எடுத்துல்லா வைக்கணும்?"

அங்கே வாயை மூடியிருக்கலாம். "இல்லீங்க" என்றேன். "சந்தேகம்னா விட்டறோணும். அதோட பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தானுங்க சேரோணும்."

"யாரு குற்றம் சாட்டப்பட்டவரு?"

"பனியனுங்க."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நான் நிற்கவில்லை. "ஒருக்கா ரிஜக்ட் பண்ணீட்டா அதோட வாழ்க்கையே போயிருமுங்களே..."

அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கொடுமை. "சரி அண்ணாச்சி, இதப் போடப்போறவன் என்ன குத்தம் பண்ணுனான்? பஸ்ஸுல கம்பியப் பிடிக்கக் கையத் தூக்குனா தோளு கிழிஞ்சு தொங்குமே. அவனுக்கு என்ன பலன் வச்சிருக்கீய?"

வக்கீல் அதை எழுதவில்லை.

முழு லாட்டும் ரிஜக்ட். பணம் வராமல் கம்பெனிக்கு மூன்று வாரம் பூட்டு. முதலாளி ஒரு பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் பீஸில் அங்கங்கே ஒரு நூல், ஒரு எண்ணெய்க் கறை. ஓட்டையெல்லாம் சரசு பண்டலில்தான். அவளைக் காப்பாற்ற நான் செய்த தர்மம், அவள் பேரைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருந்தது. எங்கள் இரண்டு பேரையும் சின்னசாமி வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். "சாமி, நீங்க கோர்ட்டுக்குப் போங்க. இங்க எங்களுக்குப் பனியன் பாக்கத் தெரிஞ்ச ஆளு போதும்."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சரசு கேட்டாள்: "எத்தன நாளா ஓட்டை தெரிஞ்சுது?"

"மொத நாள்ல இருந்து. ஓட்டைன்னு உறுதியாத் தெரியல சரசு... ஆல்டர் போட்டா உன் வேல போயிருமேன்னு..."

"மாமா, அது ஊசி மொன மழுங்குனதால வந்த ஓட்டை. மொத பீஸுலயே எம்மூஞ்சில விட்டெறிஞ்சிருந்தீங்கன்னா ஊசிய மாத்தீட்டு வேலயப் பாத்திருப்பேன். ஒரே ஒரு ஆல்டர்ல முடிஞ்சிருக்கும். குத்தவாளி நானில்லீங்க, ஊசி! அத உட்டுப்போட்டுப் பனியனுக்கு ஜாமீன் குடுத்துட்டு வந்திருக்கீங்க."

அடுத்த ஞாயிறு வேலை இல்லாததால் பேப்பரை நிதானமாகப் படித்தேன். வக்கீல் ஐயா அந்த வாரம் எழுதியிருந்தது: சொந்தக்காரர் வழக்கை நீதிபதி விசாரிக்கக் கூடாது. (ஒரு வாரம் முந்தி எழுதியிருந்தால் குறைந்தா போயிருப்பார்?)

கழித்த சரக்கை வாங்குகிற செகண்ட்ஸ் வியாபாரி கூட வேண்டாம் என்று ஒதுக்கிய பனியன்களை முதலாளி என் தலையில் கட்டினார். வருஷக்கணக்கில் குடும்பமே அதைத்தான் போட்டது. கையைத் தூக்காமல் வாழப் பழகிக்கொண்டோம். இப்போது பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் சரசு செக்கிங். நான் அயர்னிங். பேப்பரில் ஒருவருக்குத் தண்டனை என்றாலும் சரி, விடுதலை என்றாலும் சரி, ஊசியை யாராவது மாற்றினார்களா என்றுதான் எனக்குக் கவலை வருகிறது. அதை எந்தத் தீர்ப்பிலும் போடுவதில்லை.

வீட்டில் தோசை சுடும் நாளெல்லாம் எனக்கு விசாரணை நாள். முதல் தோசையைச் சரசு கரண்டியில் எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள்.

"ஏனுங்க, இது ஓட்டையா, வெளிச்சமா?"

என் மகள் ஓடிவந்து நடுவில் சுண்டுவிரலை விட்டு ஆட்டுவாள்.