கயிற்றை விடாத ரிதோ

போன வருஷம் வரை எங்கள் சபாவின் நாடகம் ஒன்றையாவது முதலிலிருந்து கடைசிவரை முழுசாகப் பார்த்தவர் புதுச்சேரியில் ஒருவரும் கிடையாது. மழை காரணமில்லை, கரண்ட் கட்டும் காரணமில்லை. ஒரே காரணம் ரிதோ.

ரிதோ என்றால் பிரெஞ்சில் படுதாவாம். எங்கள் தலைவர் வைத்த பெயர்; ஐயா என்பதற்குப் பதில் அவரை மொசியே என்றுதான் கூப்பிட வேண்டும். தலைவர் ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். கோபம் வந்தால் பிரெஞ்சில் திட்டுவார். ரொம்பக் கோபம் வந்தால்தான் தமிழ். படுதாக் கயிறு இழுக்கிற ஆளை அவர் ஒரு நாள் ரிதோ என்று கூப்பிடப்போய், பெற்றவர்கள் வைத்த பெயர் காணாமலே போய்விட்டது. ரிதோ வீட்டுப் பெண் கல்யாணத்துக்கு முதலில் அடித்த பத்திரிகையைப் பார்த்து, யார் வீட்டு விசேஷம் என்று தெரியாமல் பாதிப்பேர் திருப்பிக் கொடுத்தார்கள். அப்புறம் ‘ரிதோ’ என்று சேர்த்து அடித்தார்கள்.

எங்கள் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் மூட்டை ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர் அவர். கை இரண்டும் உலக்கை. எங்கள் படுதாவோ சிவப்பு வெல்வெட்டு; குளத்தில் ஊறின எருமையின் கனம். கயிற்றை இழுத்தால் ஏறும், விட்டால் விழும். மற்ற சபாக்களில் படுதாவை ஏற்றியதும் கயிற்றைக் கம்பத்தில் கட்டிவிட்டு ஆள் டீ குடிக்கப் போய்விடுவான். ரிதோ கட்டமாட்டார். கையிலேயே பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்று நாடகம் பார்ப்பார். பிடிக்கவில்லையா, விட்டுவிடுவார்.

இதில் இன்னொரு கொடுமை, சபாவில் இருக்கும் பழைய சட்டம். விழுந்த படுதாவை அதே காட்சிக்கு மறுபடி தூக்கக் கூடாது; தூக்கினால் சபாவுக்கு ஆகாது. வெள்ளைக்காரன் காலத்தில் சபாவை ஆரம்பித்த பெரியவர்கள் போட்ட சட்டம் என்பார் தலைவர். ஆதாரம் கேட்டால் பிரெஞ்சு கிளம்பும். ஆகவே ரிதோ கயிற்றை விட்டால் அந்தக் காட்சிக்குக் கருமாதி. அடுத்த காட்சியிலிருந்துதான் கதை. நடுவில் யார் செத்தார்கள், யாருக்குக் கல்யாணம் ஆயிற்று என்பதைச் சனங்களே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஒரு வருஷம் தலைவர் மாப்பிள்ளை வேஷம் கட்டினார். அவருக்குப் பேரன் பேத்தி உண்டு. ஆனால் நாடகம் எழுதுவதும் அவர், சொல்லிக்கொடுப்பதும் அவர், கடைசியில் பொன்னாடை போர்த்திக்கொள்வதும் அவர். அப்படியிருக்க மாப்பிள்ளையாக மட்டும் வேறு யாரைப் போடுவது? பெண் பார்க்கும் காட்சி. பெண் காபித் தட்டோடு வந்து நிமிர்ந்து பார்த்தது. பொத்தென்று படுதா. உள்ளே தலைவர் கொதித்துக்கொண்டு வந்தால், ரிதோ நிதானமாகச் சொன்னார்: “அந்தப் பொண்ணு வாழ்க்கைய யாராச்சும் காப்பாத்தணும்ல மொசியே.”

என் கதை இன்னும் பரிதாபம். நான் பெரிய மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருப்பவன். பெரிய படிப்பு கிடையாது. அம்மன் பெயரைச் சொல்லிக் கடையைத் திறப்பேன், அவள் பெயரைச் சொல்லி மூடுவேன். நாடகத்துக்கு முன்னால் படுதாக் கயிற்றுக்குப் பூ வைத்துக் கற்பூரம் காட்டுவது எங்கள் சபா வழக்கம்; அதற்காகத்தான் என்னைச் சேர்த்தார்கள். பிறகு போனால் போகிறதென்று வேலைக்காரன் வேஷம் ஒன்று தந்தார்கள். “ஐயா, தந்தி வந்திருக்குங்க.” இதுதான் வசனம். இதை நான் குளிக்கும்போது சொன்னேன், பூக் கட்டும்போது சொன்னேன். ஒரு கிராக்கியிடம்கூடச் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரி புதுப் புடவை கட்டி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். “ஐயா, தந்தி...” என்றேன். படுதா விழுந்துவிட்டது. கேட்டால், “தந்தியெல்லாம் நிறுத்தி எத்தினி வருஷமாவுது. பொய் சொல்லக் கூடாது பூக்காரரே, சாமி கும்புடுற ஆளு நீ” என்று எனக்கே புத்தி சொன்னார்.

இந்த ஆளை ஏன் துரத்தவில்லை என்று கேட்பீர்கள். அந்தக் கனத்தைத் தூக்க வேறு கை இல்லை என்று நாங்கள் வெளியே சொல்லிக்கொள்வோம். உண்மை வேறு. அடுத்தவன் காட்சியில் படுதா விழும்போது எங்கள் ஒவ்வொருவருக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். கலைக்காகக் கூடியவர்கள் அல்லவா நாங்கள்!

கருவடிக்குப்பம் பக்கத்தில் ஓர் அம்மன் கோயில். அதன் திருவிழாவில் ஒரு சாயங்காலம் எங்கள் சபாவுக்கு என்று தலைமுறையாக ஒதுக்கியிருக்கிறார்கள். எங்களுக்கு மேடை தருகிற இடம் ஊரில் அது ஒன்றுதான். போன வருஷம் தர்மகர்த்தா தலைவரைக் கூப்பிட்டு, இளவட்டங்கள் ஆர்கெஸ்ட்ரா கேட்கிறார்கள், இந்தத் தடவை படுதா நடுவில் விழுந்தால் அடுத்த வருஷத்திலிருந்து அந்தச் சாயங்காலம் ஆர்கெஸ்ட்ராவுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

தலைவர் அன்றைக்குத் திட்டவே இல்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. அந்த ஒரு சாயங்காலம் போனால் சபாவே போயிற்று. ரிதோவைக் கட்டிப்போடலாம், தூக்க மாத்திரை கொடுக்கலாம் என்றெல்லாம் கமிட்டியில் யோசனைகள் வந்தன. நான்தான், சத்தியம் வாங்கலாம் என்றேன். பூசையின்போது கயிற்றின் முன்னால் கற்பூரத்தை ஏற்றி, “நாடகம் முடியற வரைக்கும் கயித்த விடமாட்டேன்” என்று அதன் மேல் அடிக்கச் சொன்னேன். ரிதோ ஒரு மறுப்பும் சொல்லாமல் அடித்தார். எல்லோரும் என் மூளையை மெச்சினார்கள்.

குடும்ப நாடகம். தலைவர் அப்பா. வீட்டை விட்டு ஓடுகிற வாலிபப் பிள்ளையாக எங்கள் செயலாளர். தலைக்குச் சாயம் அடித்திருந்தார். அம்மா வேஷம் நர்ஸ் அக்காவுக்கு. ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்களில் நிஜமாக நடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனாலேயே அவருக்கு வசனம் கிடையாது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரமாக அழுதுகொண்டே இருக்க வேண்டும்.

என்ன அதிசயம், படுதா நடுவில் விழவே இல்லை; காட்சி மாறும்போதுகூட ரிதோ கயிற்றை விடாமல் மெல்ல இறக்கி ஏற்றினார். செயலாளர் ஒரு பக்கத்தை மறந்தார், விழவில்லை. தலைவர் தாமே எழுதிய கவிதையைச் சொன்னார், அதற்கும் விழவில்லை. ரிதோ பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கடைசிக் காட்சி. பிள்ளை திரும்பி வந்தான். “மகனே” என்றார் தலைவர். “அப்பா” என்றார் செயலாளர். கட்டிக்கொண்டார்கள். மங்கள இசை போட்டாயிற்று. படுதா விழ வேண்டும்.

விழவில்லை.

கட்டிக்கொண்டவர்கள் அப்படியே நின்றார்கள். பொன்னாடை யாருக்கு என்ற விவகாரத்தில் இருவருக்கும் பல மாதமாகப் பேச்சு இல்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மறுபடி “மகனே.” மறுபடி “அப்பா.” இசை முடிந்துபோனது. பெண்கள் வரிசையில் சிரிப்பு கிளம்பியது. தர்மகர்த்தா செல்போனை எடுத்து ஆர்கெஸ்ட்ராக்காரன் நம்பரைத் தேடினார். ஓரத்துக்கு ஓடினேன்.

“அண்ணே, விடு. நாடகம் முடிஞ்சிச்சு.”

“எங்க முடிஞ்சிச்சு?” என்றார் ரிதோ. முகமெல்லாம் வியர்வை. “அந்தம்மா மொத சீன்லேர்ந்து அழுவுது. புருசனும் இன்னான்னு கேக்கல, புள்ளையும் கேக்கல. இத்த முடிஞ்சிச்சின்னு சொன்னா அம்மன் என் கண்ணக் குத்திடுவா. சத்தியம் வாங்குனது நீதான?”

கற்பூரத்தின் மேல் அடித்த சத்தியத்தை மீறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் இருப்பது இரண்டு கண்தானே.

கயிறு அவர் கையில் வழுக்கத் தொடங்கியது. படுதா ஒரு சாண் இறங்கும், கூட்டம் “ஆங்” என்னும்; மூச்சைப் பிடித்து மறுபடி ஏற்றுவார். நாங்கள் பேசியது சுவரோரமாக நின்ற நர்ஸ் அக்கா காதில் விழுந்திருக்க வேண்டும். முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். நேராக நடந்து போய் இருவரையும் பிரித்துவிட்டார்.

“கட்டிப்புடிச்சது போதும். இவன் இல்லன்னு நீங்க அழுதீங்க. நீங்க வேணாம்னு இவன் போனான். நடுவுல நான் ஒருத்தி இந்த ஊட்லதான் இருந்தேன். யாராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா?”

சிரிப்பு நின்றுவிட்டது. தலைவருக்கு வாழ்நாளில் முதல்முறையாக வசனம் இல்லை, பிரெஞ்சிலும் இல்லை. செயலாளர்தான், நடிப்புக் குரல் எல்லாம் போய், வீட்டில் பேசுகிற குரலில் கேட்டார்: “சாப்ட்டியாம்மா?”

“இப்பத்தான் கேக்குற” என்று சொல்லி நர்ஸ் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

படுதா இறங்கவில்லை. விழுந்தது.

கைதட்டல் இல்லை. கொஞ்ச நேரம் மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. பிறகு தர்மகர்த்தா மேடைக்குப் பின்னால் வந்தார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. “நடுவுல உழுவக்கூடாதுன்னா, கடைசிலயும் உழாதா உங்க படுதா?” என்றார். அவரைத் தள்ளிக்கொண்டு அவர் சம்சாரம் வந்து நர்ஸ் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டது, விடவில்லை. தர்மகர்த்தா அதைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார். “சரி, வர்ற வருஷமும் நீங்களே போடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உடனே தலைவர், அந்தக் கடைசிக் கட்டம் தம்முடைய யோசனைதான் என்றார். செயலாளர், இல்லை, தம்முடையது என்றார். ஆளுக்கொரு பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். மோட்டார் வைத்த படுதா வாங்க வேண்டும் என்று தீர்மானம்கூடப் போட்டார்கள்.

நான் விபூதித் தட்டோடு ரிதோவைத் தேடிப் போனேன். கயிற்றுக் கம்பத்தின் அடியில் உட்கார்ந்திருந்தார். “அந்தக் கவிதைக்கு உட்டிருக்கணும் பூக்காரரே, தப்புப் பண்ணிட்டேன்” என்றார். தட்டை நீட்டினேன். கையை நீட்டவில்லை. பிடித்து விரித்துப் பார்த்தேன். கயிறு இரண்டு உள்ளங்கையிலும் தோலை வழித்து எடுத்திருந்தது. நானே நெற்றியில் பூசிவிட்டேன். அன்றைக்கு அம்மனிடம் கடைக்காகவும் வேண்டவில்லை, பிள்ளைகளுக்காகவும் வேண்டவில்லை. தாயே, இந்தக் கிறுக்கன் கை சீக்கிரம் ஆறட்டும் என்று மட்டும் கேட்டேன்.