பகுதி ஏழு: அபாரத் திறமை

ஒருவருக்கு ஆட்டிசம் உண்டு என்று அரசாங்கம் ஒப்புக்கொள்வதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. மூன்றாவது மாடி, லிஃப்ட் பழுது. அங்கே ஏறிப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தால்தான் என் தங்கையின் வேலை நிலைக்கும் என்று ஆகிவிட்டது.

தங்கைக்கு இருபத்தாறு வயது. துணிக் கிடங்கில் சட்டைகளுக்கு அளவுச் சீட்டு ஒட்டுகிறாள். ஐந்து வருடமாக அவள் ஒட்டியதில் ஒரு குறை வந்ததில்லை. போன மாதம் முதலாளி ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய் வந்தார். பாட்டுக் கேட்டால் பணியாளர்களின் உற்சாகம் பெருகும் என்று அங்கே யாரோ சொல்லிவிட்டார்கள். மறுநாளே கிடங்கின் நாலு மூலையிலும் ஒலிபெருக்கி. மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொண்டார்கள். தங்கையால் முடியவில்லை. காதைப் பொத்தினால் சீட்டு ஒட்ட முடியாது, சீட்டு ஒட்டினால் காதைப் பொத்த முடியாது. இருப்பது இரண்டு கைதானே!

கிடங்கின் பின்பக்கம் சத்தமில்லாத அறை ஒன்று பூட்டிக் கிடந்தது. மேற்பார்வையாளர், "சான்றிதழ் கொண்டு வா, அங்க உக்காந்து வேலை செய். மாசக் கடைசிக்குள்ள வரலேன்னா வேற ஆள் பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார்.

அலுவலகத்து அதிகாரி நல்ல மனிதர். அதுதான் சிக்கலே. அவர் மேசைக்குப் பின்னால் ஒரு நடிகரின் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ஆட்டிசம் உள்ள துப்பறிவாளராக அவர் வரும் தொலைக்காட்சித் தொடரை அப்போது பார்க்காதவர் கிடையாது. எந்தத் தேதியைச் சொன்னாலும் கிழமை சொல்வார், விட்டத்தைப் பார்த்தே திருடனைப் பிடிப்பார், யார் கண்ணையும் பார்த்துப் பேசமாட்டார், மறந்தும் சிரிக்கமாட்டார். தொடர் வருவதற்கு முன் எங்கள் தெருவில் யாருக்கும் ஆட்டிசம் என்றால் தெரியாது. இப்போது எல்லோருக்கும் தெரியும். எது தேவலை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மருத்துவர் கொடுத்த பன்னிரண்டு பக்க அறிக்கையை நீட்டினேன்.

"டாக்டர் எழுதினது சரி. ஆனா அவர் தொடர் பாக்கறவரா?"

"தெரியல சார்."

"அதான் பாத்தேன்," என்றபடி அதிகாரி விண்ணப்பத்தைப் புரட்டினார். "பகுதி ஏழு, விண்ணப்பதாரரின் அபாரத் திறமை. 'இல்லை'ன்னு எழுதியிருக்கீங்களேம்மா?"

"இல்லை, அதான்" என்றாள் தங்கை.

"அப்படிச் சொல்லக் கூடாது. எல்லாருக்கும் ஒண்ணு இருக்கும். என் பிறந்த தேதி சொல்றேன், கிழமை சொல்லுங்க பாப்போம்."

"கேலண்டர் பாக்கணும்."

"கேலண்டர் பாத்தா நானே சொல்லிடுவேனே! அது சரி, நீங்க ஏன் என் கண்ணப் பாத்துப் பேசறீங்க?"

"கண்ணப் பாக்கல. உங்க கண்ணாடியில சட்னி மாதிரி ஏதோ ஒட்டியிருக்கு."

பக்கத்து மேசை எழுத்தர் சிரித்துவிட்டார். தங்கையும் சிரித்தாள். அவள் சிரித்ததை மட்டும் அதிகாரி கோப்பில் குறித்துக்கொண்டார்.

ஆனாலும் கைவிடவில்லை அந்த நல்ல மனிதர். 'மேற்படி விண்ணப்பதாரரை மேற்படி நடிகருடன் ஒப்பிட்டு ஆவன செய்ய' உத்தரவு போட்டு, நடிகரையே நிபுணராக வரவழைத்தார். ஒரு வாரம் கழித்து மறுபடி மூன்று மாடி ஏறினோம். படிக்கட்டெல்லாம் பூத்தோரணம்.

அதிகாரி நடிகரிடம், "அடுத்த மாசம் பத்தாந்தேதி என்ன கிழமை?" என்றார்.

நடிகர் பழக்கதோஷத்தில் விட்டத்தைப் பார்த்து, "வியாழன்" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

தங்கை சுவரில் இருந்த கேலண்டரைப் புரட்டிப் பார்த்தாள். "திங்கள்னு போட்டிருக்கு."

"அச்சுப் பிழையா இருக்கும்மா" என்றார் அதிகாரி.

பிறகு தொடரின் இசையை முழுச் சத்தத்தில் போட்டார்கள். தங்கை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, படிக்கட்டில் குனிந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தோரணத்தைப் பிய்த்து எறிந்திருப்பேன். இதற்குத்தானே சான்றிதழ் கேட்டு வந்தோம்? கண்ணெதிரே நடப்பதைப் பார்த்துவிட்டு அதிகாரி எழுதினார்: 'விழாவின் நடுவே வெளியேறினார். ஆர்வமின்மை.'

கொஞ்ச நேரத்தில் நடிகர் வெளியே வந்து எங்களுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"நான் வெறும் நடிகன் சார்னு எவ்வளவோ சொன்னேன். அடக்கம்னு எழுதிக்கிட்டு அதுக்கும் மார்க் போட்டுட்டாங்க" என்று தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தங்கையிடம் மெதுவாக, "நீங்க தொடர் பாத்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

"ரெண்டு வாரம் பாத்தேன். பின்னாடி வர்ற மியூசிக் தாங்கல. நிறுத்திட்டேன்."

சான்றிதழ் நடிகருக்குக் கிடைத்தது. ஏழு பகுதியிலும் தேறிய முதல் ஆள் அவர்தானாம். தங்கையின் விண்ணப்பம் 'பகுதி ஏழை நிரப்பி மீண்டும் அளிக்கவும்' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. மாதக் கடைசிக்கு நாலே நாள்.

பஸ்ஸில் வரும்போது கெஞ்சினேன். "வாய்க்கு வந்த கிழமையச் சொல்லேன்மா. அந்த ஆளு சொல்லலையா? யாரு சரிபாக்கப் போறா?"

"நான் பாப்பேன்" என்றாள்.

சும்மா இருக்க முடியாமல், "நான் பொறந்தது என்ன கிழமை, சொல்லு பாப்போம்" என்றேன்.

"செவ்வாய்."

சீட்டிலிருந்து துள்ளி எழுந்துவிட்டேன். சரியான விடை! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "எப்படி... எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

"நீ சண்டை போடறப்பல்லாம் அம்மா சொல்றாங்களே, செவ்வாய்க்கிழமை பொறந்தது இப்படித்தான் இருக்கும்னு."

உட்கார்ந்தேன். ஐந்து வருடம் ஒரு குறையில்லாமல் வேலை பார்த்தவளிடம், கூடவே வளர்ந்த நானும் கடைசியில் வித்தைதான் கேட்டிருக்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் செவ்வாய் என்று அவள் சொன்னதும் துள்ளியது நான் மட்டும்தானா? உண்மையைச் சொல்லுங்கள், முதல் பத்தியிலிருந்தே நீங்களும் அதற்காகத்தானே காத்திருந்தீர்கள்?

பரவாயில்லை. அபாரத் திறமையைச் சோதிக்க அந்த அலுவலகத்தில் இருக்கும் தேர்வுக் குழுவை விரிவுபடுத்தப் போகிறார்களாம், நம் எல்லோருக்கும் இடம் கிடைக்கும். கிடங்கின் பின்பக்கத்து அறைதான் இன்னும் பூட்டிக் கிடக்கிறது.