உங்கள் அக்காவை எலி ஆக்கவில்லை என்பது குறித்து

மதிப்பும் பாசமும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம், முழங்கால்கள் உட்பட. முழங்கால்களைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் உங்கள் அக்காவிடம் தொலைபேசியில், "அத்தான் உன்னை ஆஸ்பத்திரிக்குச் சோதனை எலியா குடுத்துட்டாராமே, நான் வந்து கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது. நான் பக்கத்தில்தான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். பதில் பேசினால் குரல் உயரும் என்று பேசாமல் உரித்தேன். இந்தச் செய்தியைத் தங்களுக்குச் சொன்னது கீழ்வீட்டு வானொலி என்பதும் எனக்குத் தெரியும். அவருக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணமே, ஒரு விஷயம் அவர் காதுக்குப் போனால் தெருக்கோடி வரை ஒலிபரப்பாகிவிடும் என்பதுதான். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் உத்தியோகக் காலம் முழுவதும் லிஃப்ட் ஆய்வாளராக இருந்துவிட்டு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன் என்பது தாங்கள் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கும் சங்கதி. சிரிக்கலாம், பரவாயில்லை. ஆனால் முதலில் என் முழங்காலும் பிறகு உங்கள் அக்காவின் முழங்காலும் மக்கர் பண்ண ஆரம்பித்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவள் கீழே இறங்குவதையே விட்டுவிட்டாள். ஒருநாள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இங்க நின்னு தெருவைப் பாத்தாலே போய்ட்டு வந்த மாதிரிதாங்க இருக்கு" என்றாள். அவள் வருத்தமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், சமாதானமாகச் சொன்னாள். மறுநாளே நாங்கள் ஆஸ்பத்திரியில் நடந்துகொண்டிருந்த ஒரு முழங்கால் சிகிச்சை ஆய்வில் சேர்ந்தோம். இரண்டு சிகிச்சை. ஒன்று, மூட்டுக்குள் போடும் புது ஊசி. இன்னொன்று, பிசியோதெரபி அம்மா சொல்லித்தரும் பயிற்சி. இதில் எது நல்லது என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆய்வு என்று ஆஸ்பத்திரிக்காரர்களே எழுத்தில் கொடுத்தார்கள். எனக்குத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட அலுவலகத்தை நான் என் சர்வீஸில் பார்த்ததே இல்லை. அதனாலேயே நம்பிக்கை வந்தது.

யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லும் என்றார்கள். உங்க அக்காவுக்கு ஊசி என்றது. எனக்குப் பயிற்சி என்றது. நான் ஊசிதான் வரும்னு நம்பி பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடிச்சு வெச்சிருந்தேன். "நாங்க புருஷன் பெண்டாட்டிதானே, எங்களுக்குள்ள மாத்திக்கிறோம்"னு கேட்டேன், வரவேற்புல இருந்த பொண்ணு என்னைக் கணக்கம்மாகிட்ட அனுப்பிடுச்சு. அவங்க இந்த ஆய்வோட புள்ளியியல் நிபுணர். மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறை, மேஜை மேல ஒரு பிஸ்கட் டப்பா, அதுல சட்டை பட்டன். நிதானமா சொன்னாங்க. "வெள்ளை பட்டன் ஊசி, கறுப்பு பட்டன் பயிற்சி. ஆரம்பத்துல ரெண்டும் சமம். ஒருத்தர் வந்தா கண்ணை மூடிட்டு ஒண்ணு எடுப்போம், அந்த நிறம் எதுவோ அதுதான் அவருக்கு. எடுத்ததைத் திரும்பப் போட்டுடுவோம். அவருக்குக் குணமாச்சுன்னா அதே நிறத்துல ஒண்ணு கூடுதலாப் போடுவோம். ஆகலைன்னா மத்த நிறத்துல ஒண்ணு போடுவோம். நல்லா வேலை செய்யற சிகிச்சை எதுவோ அது போகப்போக நிறைய பேருக்குக் கிடைக்கும். நிஜத்துல இதையெல்லாம் கம்ப்யூட்டர் பண்ணுது, உங்களை மாதிரி கேக்கறவங்களுக்குத்தான் டப்பா." அப்போ பின்னாடி வர்றவங்களுக்குத்தான் லாபமா, முதல்ல வந்த நாங்க யாருன்னு கேட்டேன். டப்பாவை மூடிட்டு, "நீங்கதான் பட்டன் போடறவங்க ஐயா" என்றார்கள். மாப்பிள்ளை, ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த முதல் பதவி அது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் வாரம் ஒருநாள், வீட்டில் தினமும் என்று பாய் விரித்துப் படுத்துக் காலைத் தூக்கினேன்.

இத்தோட நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனா கண்ணு சும்மா இருக்கலையே. பயிற்சி அறையில பாய் கிடைக்கக் காத்திருக்கணும், ஊசி அறை வாசல்ல ஒரு ஈ காக்கா இல்லை. ஆஹா, டப்பாவுல கறுப்பு ஏறிடுச்சு, நம்ம பக்கம் ஜெயிக்குதுன்னு புரிஞ்சுபோச்சு. வானொலியும் அவர் சம்சாரமும் அந்த வாரம்தான் சேர்றதா இருந்தாங்க. நல்லெண்ணத்துல சொன்னேன். "அவசரப்படாதீங்க சார். இன்னும் நாலு பேர் முன்னாடி போகட்டும், கறுப்பு நிறையட்டும், கடைசியா போய்ச் சேருங்க, பயிற்சிதான் வரும்." அவ்வளவுதான் சொன்னேன். சாயங்காலத்துக்குள்ள தெருவுல இருக்கிற அத்தனை முழங்காலும் கடைசியாப் போறதுன்னு முடிவு பண்ணிடுச்சு. ஆய்வுக்குப் புதுசா ஒரு ஆள் வரலை. கணக்கம்மா கூப்பிட்டனுப்பினாங்க.

"எல்லாரும் கடைசியா வர்றோம்னா, முதல்ல யார் ஐயா வருவாங்க?" என்று கேட்டார்கள். அடுத்ததையும் அவர்களே கேட்டார்கள். "பயிற்சிதான் ஜெயிக்குதுன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?" "யாரும் சொல்லலைம்மா, கூட்டத்தைப் பாத்தேன்." "ஊசி ஒருதரம் போட்டா முடிஞ்சுபோச்சு. பயிற்சிக்கு வாராவாரம் வரணும். கூட்டம் எங்க இருக்கும்?" எனக்கு உட்கார்ந்த நாற்காலி கொஞ்சம் கீழே இறங்கின மாதிரி இருந்தது. அவர்கள் திட்டவில்லை. ஆள் வராவிட்டால் ஆய்வை மூடிவிடுவார்கள், எது நல்லதென்று தெரியாமலேயே போய்விடும், "நீங்களும் உங்க வீட்டம்மாவும் பட்ட சிரமம் யாருக்கும் உதவாமப் போயிடும்" என்று மட்டும் சொன்னார்கள். எனக்கு அந்தப் பால்கனிக் கம்பி ஞாபகம் வந்தது. எத்தனை வீட்டில் எத்தனை பேர் அப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களோ. அன்றைக்கே கிளம்பி, கட்டடம் கட்டடமாகப் படியேறி, கதவு கதவாகத் தட்டி, நான் சொன்னது தப்புக் கணக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். பாதிப் பேர் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள், மீதிப் பேர் வாசலிலேயே வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். வானொலிதான் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார், அதையும் அவரே ஒலிபரப்பினார். ஆட்கள் மறுபடி வர ஆரம்பித்தார்கள்.

அதுக்கப்புறம் எனக்கு ஒரே கேள்விதான். யார் ஜெயிக்கிறா? போகும்போதெல்லாம் கேட்பேன். கணக்கம்மா, "நாங்க முடிவு சொல்ற ஆளே இல்லை. அதுக்குத் தனியா ஒரு குழு இருக்கு, முன்கூட்டியே குறிச்ச நேரத்துல மட்டும்தான் பாப்பாங்க. சீக்கிரம் பாக்கறப்போ ரொம்பப் பெரிய வித்தியாசம் இருந்தாத்தான் நிறுத்துவாங்க" என்பார்கள். தினமும் பாத்தா என்ன குறைஞ்சுடும்னு கேட்டேன். "தினமும் பாத்து, நமக்குப் பிடிச்ச பக்கம் முன்னால நிக்கிற அன்னிக்கு நிறுத்திட்டா, எதையும் ஜெயிக்க வெச்சுடலாம் ஐயா." மைத்துனரே, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எனக்கு உடனே உங்க முகம்தான் கண்ணுல வந்தது. சீட்டாட உட்காந்தா, நான் முன்னால இருக்கிற வரைக்கும் கண்ணு முழிச்சு ஆடுவீங்க. உங்க கை ஓங்கின அடுத்த நிமிஷம் ஒரு கொட்டாவி, "சரி அத்தான், தூக்கம் வருது." கல்யாணமான நாள்லேருந்து நான் உங்ககிட்ட தோத்துட்டேதான் இருக்கேன், ஏன்னு இப்பத்தான் விளங்கிச்சு. கணக்கம்மாகிட்ட சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டுச் சிரிச்சாங்க, வகுப்புல உதாரணமாச் சொல்லிக்கலாமான்னு கேட்டாங்க. பேரைச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன்.

குழு முதல் தடவை பார்த்தது. ஒன்றும் சொல்வதற்கில்லை, தொடரட்டும் என்றது. இரண்டாவது தடவை பார்த்தது. போதும், நிறுத்துங்கள், பயிற்சிதான் மேல் என்றது. ஜெயித்த பக்கம் அல்லவா, அன்றைக்கு நான் ஆஸ்பத்திரிக்கு இஸ்திரி போட்ட சட்டையில் போய் வந்தேன். ஊசி போட்டுக்கொண்ட எல்லோருக்கும் இனிமேல் பயிற்சி உண்டு என்று அறிவித்துவிட்டார்கள். உங்க அக்கா மட்டும், எனக்கு ஊசியிலேயே சரியாயிடுச்சே என்றாள். நிஜம்தான். நான் பெருந்தன்மையாக, "மொத்தத்துல பயிற்சி ஜெயிச்சுதுன்னா, ஊசி ஒருத்தருக்கும் கேக்காதுன்னு அர்த்தம் இல்லை" என்று விளக்கினேன். அவளுக்கு ஊசி, எனக்குப் பயிற்சி, எங்கள் வீட்டைப் பொறுத்தவரை ஆட்டம் சமம். இப்போது காலையில் இரண்டு பேரும் இறங்கிப் பூங்காவுக்குப் போகிறோம். திரும்பும்போது அவள் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, "மெதுவா வாங்க, அவசரமில்லை" என்று எனக்காகக் காத்திருக்கிறாள். எனக்கு அது போதும். ஆகவே அவளைக் கூட்டிப் போகத் தாங்கள் வர வேண்டிய அவசியம் சிறிதும் இல்லை.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உங்கள் எல்லோருடைய கைகால்களும் எந்த ஆய்வுக்கும் தேவைப்படாமல் நெடுங்காலம் உழைக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
பயிற்சிப் பிரிவைச் சேர்ந்த உங்கள் அத்தான்

பி.கு.: உறையில் போடும் முன் இதை உங்க அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆட்டம் சமம் என்ற இடத்தில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. என்ன விஷயம் என்று கேட்டேன். "ஒரு ஊசியை மட்டும் நம்பிட்டு உக்காந்திருக்க முடியுமா? நீங்க குளிக்கப் போனதும் அந்தப் பாயிலயே படுத்து நீங்க பண்றதையெல்லாம் நானும் பண்ணுவேன்" என்கிறாள். எப்போதிருந்து என்றேன். முதல் வாரத்திலிருந்தாம். அவளுக்குக் குணமானது ஊசியாலா, பயிற்சியாலா என்று இனி அந்தக் குழுவே கூடினாலும் சொல்ல முடியாது. அவள் பேரில் ஊசிக்கு ஒரு வெள்ளை பட்டன் வேறு போட்டாகிவிட்டது. நாளைக் காலை இரண்டு பேரும் கணக்கம்மாவிடம் போய்ச் சொல்லியாக வேண்டும். தயவுசெய்து, வர வேண்டாம் என்று மேலே எழுதியது உட்பட எதையும் நம்பாமல், முதல் வண்டியைப் பிடித்து வந்துவிடவும். உங்க அக்காவுக்காகப் பேச அங்கே நான் ஒருத்தன் போதாது.