எட்டு மணி வரிசை

நாகரிகத்தின் உச்சம் எது என்று கேட்டால் சிலர் சக்கரம் என்பார்கள், சிலர் சாக்கடைக் குழாய் என்பார்கள். காலை எட்டு மணித் தொலைபேசி வரிசைதான் அது என்பது என் தீர்மானமான கருத்து. ஹெப்பிள்தார்ப் என்ற ஆங்கிலேய ஊரின் மருத்துவ நிலையத்தில் அந்த வரிசையைக் கட்டிக்காக்கும் நிர்வாகி அடியேன், ராட்னி பிக்கர்ஸ்கில்.

எங்களிடம் ஒரே விதி. டாக்டரைப் பார்க்க வேண்டுமா, எட்டு மணிக்குக் கூப்பிட வேண்டும். எட்டு ஐந்துக்கு வரிசையை மூடிவிடுவோம், அன்றைய கதை முடிந்துவிடும். மேயரானாலும் சரி, மீன் பொரிப்பவரானாலும் சரி. இதற்குப் பெயர் ‘சமவாய்ப்பு’.

அழைப்புகளை எடுப்பவர் டெனிஸ் ஹார்காசில். வயது ஐம்பத்தொன்று, பதினாறு ஆண்டாக எங்கள் வரவேற்பாளர். ஊரில் யாருக்கு எந்த முழங்காலில் வலி என்பது அவருக்கு மனப்பாடம். மாதவிலக்கு நிற்கும் பருவம் வந்ததிலிருந்து தூக்கம் போனது, உடம்பு தீயாய்க் கொதித்தது, பெயர்கள் மறந்தன. ஒரு நாள் என் அறைக்கு வந்தார்.

“ராட்னி, நான் டாக்டரைப் பாக்கணும். ஹார்மோன் சிகிச்சை எனக்குச் சரிப்படுமான்னு கேக்கணும்.”

“தாராளமா! எட்டு மணிக்குக் கூப்பிடுங்க.”

“எட்டு மணிக்கு ஃபோனை எடுக்கறதே நான்தானே?”

“அப்படின்னா கனிவான குரல்தான் எடுக்கும்.”

“விளையாடாதீங்க. சரி, ஒரு நாள் லீவு குடுங்க, வீட்டிலேருந்து கூப்பிடறேன்.”

“மாத்து ஆள் கிடைச்சதும் குடுக்கறேன். அஞ்சு மாசமா தேடிக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“டாக்டர் பென்ரோஸ் பக்கத்து ரூம்லதான் பிஸ்கட் தின்னுக்கிட்டு இருக்கார். ரெண்டே நிமிஷம், கேட்டுட்டு வந்துடறேன்.”

நான் எழுந்து கதவை மறித்தேன். “டெனிஸ்! வரிசையைத் தாண்டறதா? இன்னிக்கு நீங்க தாண்டினா நாளைக்கு ஊரே தாண்டும்!”

நான் கல்நெஞ்சன் அல்ல. மேஜைமேல் வைக்க ஒரு குட்டி மின்விசிறி வழங்கினேன். அவர் தலைக்கு மேல் ‘உங்கள் உடல், உங்கள் முடிவு’ என்ற சுவரொட்டியை என் கையாலேயே ஒட்டினேன். நன்மை தீமைகளை டாக்டரிடம் பேசி நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று அதில் அழகாக எழுதியிருந்தது. டெனிஸ் அதை ஊர்ப் பெண்களுக்கு ஃபோனில் வாசித்துக் காட்டுவார், விசிறிக்கு முன்னால் வியர்த்தபடி.

அன்று மாலை மருந்துக்கடைக்குப் போனேன். சொந்த விஷயம். என் வயது ஆண்கள் படுக்கையறையில் தன்னம்பிக்கைக்கு எடுத்துக்கொள்ளும் அந்த மாத்திரைதான். டாக்டர் சீட்டு வேண்டாமாம். இதயம் பற்றி நாலு கேள்வி, பொட்டலம் கைக்கு வந்துவிட்டது. முன்னேற்றம் என்றால் இதுவல்லவா முன்னேற்றம் என்று புளகாங்கிதத்துடன் வீடு திரும்பினேன்.

மறுவாரம் டெனிஸ் திருமதி ஆட்கின்ஸின் கருப்பைப் பரிசோதனைக்குத் திரு ஆட்கின்ஸை வரச்சொல்லிவிட்டார். அவரும் கணவரின் கடமை என்று நினைத்து வந்துவிட்டார். எனக்கு வேறு வழியில்லை, ‘மறதி’ என்று காரணம் காட்டி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தேன்.

டெனிஸ் அதை இரண்டு முறை படித்தார். கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை.

“மருந்து கேட்டேன். மெமோ குடுக்கறீங்க. உங்க வேலையை நீங்களே வெச்சுக்குங்க.”

எலுமிச்சை கேக் வெட்டி, கௌரவமாக வழியனுப்பி வைத்தோம். விசிறியை மறக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை, காலை எட்டு மணி. தொலைபேசி மணி அடித்தது. திரையில் டெனிஸின் பெயர்! விதியை மதித்து, வீட்டிலிருந்து, வரிசையின் முதல் ஆளாய். எனக்குப் பெருமிதம் தாங்கவில்லை.

டாக்டர் பென்ரோஸ் தலையை நீட்டினார். “யாராவது எடுங்களேன்பா.”

“வரவேற்பாளர் இடம் காலி, டாக்டர்.”

“நீங்க எடுத்தா என்ன?”

“தெரிஞ்சவங்களுக்குச் சலுகை காட்டின மாதிரி ஆயிடும்.”

காத்திருப்போருக்கான பதிவுக்குரல் ஒலித்துக்கொண்டிருந்தது. ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். வரிசையில் நீங்கள்தான் முதலாவது.’ பதினாறு ஆண்டுக்கு முன் அதைப் பேசிப் பதிந்தது டெனிஸ்தான். தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு காத்திருந்தார்.

எட்டு ஐந்து ஆனது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். இணைப்பைத் துண்டித்தேன்.