கறையான் தின்ற ஏழாவது பங்காளி

கொம்பனியின் ஏழாவது பங்காளியைக் கறையான் தின்றுவிட்டிருந்தது.

மற்ற ஆறு பேரும் முழுசாக இருந்தார்கள். மன்னார்த் தீவு கருவாட்டுக் கொம்பனி லிமிட்டெட்டின் பதிவேட்டில் அவர்களுடைய பெயர், முகவரி, தொழில், கையொப்பம் எல்லாம் ஒரு புள்ளி குறையாமல் கிடந்தன. ஏழாவது வரியில் மட்டும் பெயர் இருந்த இடத்தில் ஒரு பெரிய ஓட்டை. ஓட்டைக்கு அப்பால் ‘கோயிலடி’ என்ற முகவரியும் ‘மீன் தொழில்’ என்ற தொழிலும், கடைசியில் ஒரு பெருவிரல் கைநாட்டும் தப்பியிருந்தன. கைநாட்டின் குறுக்கே ஒரு வெள்ளைத் தடம் ஓடியது. அதையும் செக்கிறட்டரி சிங்கராசா கறையான் தலையிலேயே போட்டுவிட்டார்.

சிங்கராசா சுன்னாகத்து மனுஷன். பழைய செக்கிறட்டரி சரிபுதீன் தை மாதம் காலமானதும், இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டுமென்று கொம்பனி கூப்பிட்டு வைத்திருந்தது. வந்து மூன்று மாதம் ஆகவில்லை. அவரைப் போல நேர்மையான ஒருவரை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். கொம்பனிக் கந்தோர் மையில் தன் வீட்டுக்குக் கடிதம் எழுதினால், மறுநாள் வீட்டிலிருந்து மை கொண்டுவந்து மைக்கூட்டில் ஊற்றிவிடுவார். தூரத்தில் நின்று பார்க்க மிக அழகான குணம். கூட வேலை செய்கிறவர்கள் பாடுதான் பாடு.

அன்றைக்கு 1946ஆம் ஆண்டு பங்குனி முப்பதாந் தேதி, சனிக்கிழமை. பங்காளிகளின் பெயர்ப்பட்டியலோடு வருடாந்தப் படிவம் அன்று பின்னேரம் நாலு மணிக்குள் பதிவுத் தபாலில் சேராவிட்டால் கொம்பனியின் பெயரை வெட்டிவிடுவோம் என்று கொழும்பிலிருந்து கடைசிக் கடிதம் வந்திருந்தது. வெட்டினால் ‘லிமிட்டெட்’டும் சேர்ந்து போகும். ஆறு குடும்பங்களின் வீடும் வலையும் அந்த ஒரு சொல்லில்தான் தொங்கின. கொம்பனிக்கு நட்டம் வந்தால் போட்ட பங்கு போகும், வீடு போகாது. அதற்குச் சட்டம் கேட்ட விலை, பங்காளிகள் ஏழு பேர் இருக்க வேண்டும் என்பதுதான்.

போன கார்த்திகைப் புயலில் கொம்பனிக் கருவாடு வள்ளத்தோடு மூழ்கிப்போக, முன்பணம் கொடுத்திருந்த கொழும்பு முதலாளி ஒருவர் வழக்கு வைத்திருந்தார். லிமிட்டெட் இல்லாத நாள் எப்போது வரும் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார்.

சிங்கராசா பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு சேர்மன் அபூசாலியின் கடைக்கு ஓடினார்.

“முதலாளி, ஏழாவது பங்காளி ஆர்?”

அபூசாலியின் முகம் மலர்ந்தது. “அவரைப் போல ஒரு பங்காளி எங்கயும் கிடைக்காது தம்பி. பதினொரு வருசத்தில ஒருநாள் கூட்டத்துக்கு வந்து எதிர்த்துக் கதைச்சதில்லை. லாபம் காணாதெண்டு முறைப்பட்டதில்லை.”

“நல்லது. பேரைச் சொல்லுங்கோ.”

“சந்தியோகுமையோர்.”

பாதிப் பெயர் எழுதின பிறகுதான் சிங்கராசாவின் பேனை நின்றது.

“கோயில்ல இருக்கிற புனிதரோ?”

“வேற ஆர்? வலை இழுத்தா முதல் பங்கை அவருக்கு ஒதுக்கிறது அருளப்புச் சம்மாட்டி ஆக்களின்ர வழக்கம். கொம்பனியிலயும் அப்பிடித்தான். வருசா வருசம் சரிபுதீன் கூட்டத்தில எழும்பி, ‘ஏழாம் பங்கின்ர லாபம் சந்தியோகுமையோர் உண்டியலுக்கு’ எண்டு வாசிப்பார். நாங்கள் தலையாட்டுவம்.”

“நீங்கள் இஸ்லாமான ஆள். உங்களுக்கு அதில ஒண்டும் இல்லையோ?”

“எனக்கென்ன தம்பி? பங்காளி பங்காளிதானே.”

“அப்ப இந்தக் கைநாட்டு?”

“சரிபுதீன் தன்ர விரலை வைச்சிருப்பார். புனிதர் இறங்கி வந்து வைப்பாரோ?”

சிங்கராசா விடவில்லை. “இந்த வருசம் பங்காளிமாரில செத்தவை ஆரெண்டும் படிவத்தில கேட்டிருக்கு.”

அபூசாலி விரல்விட்டு எண்ணினார். “அவர் செத்து ஆயிரத்துத் தொளாயிரம் வருசம் இருக்கும். இந்த வருசமோ எண்டுதானே கேட்டிருக்கிறாங்கள்? இல்லையெண்டு போடுங்கோ.”

வேறு செக்கிறட்டரியாக இருந்தால் போட்டிருப்பான். கொழும்பிலிருந்து ஆர் வந்து பார்க்கப்போகிறார்கள்? சிங்கராசாவால் முடியவில்லை. புனிதருக்குப் பதிலாகக் கோயில் ஒரு ஆளின் பெயரைத் தந்தால் காரியம் ஆகும் என்று அவருக்குத் தோன்றியது. சைக்கிளை எடுத்தார். வழியில் இரண்டு கழுதைகள் றோட்டை மறித்து நின்றுகொண்டு விலக மாட்டோம் என்றன. மணி அடித்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பற்றைக்குள்ளால் சுற்றிப் போனார்.

சுவாமியாரின் அறைவீட்டில் சுவாமியார் பொறுமையாகக் கேட்டார். மூலையில் கதிரையில் கோட்டுப் போட்ட ஒருவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் சிங்கராசா அவரைக் கவனிக்கவில்லை.

“புனிதரின்ர பேரில கோயில் ஒரு பங்கும் வாங்கேல்லை மகன்,” என்றார் சுவாமியார். “உண்டியல்ல காசு விழும். ஆர் போடுறதெண்டு நான் கேக்கிறதில்லை. இல்லாத பங்குக்கு நான் எப்பிடி ஆள் தாறது?”

“அப்பிடியெண்டா ஏழாவது ஆளே இல்லை, சுவாமி.”

பத்திரிகை கீழே இறங்கியது. “அப்ப உங்கட கொம்பனியில ஆறு பேர்தானோ?” என்று கோட்டுக்காரர் கேட்டார்.

நல்ல மனுஷன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “உங்களுக்கேன்?” என்றாவது கேட்டிருக்கலாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது மரியாதையில்லை என்று வளர்ந்தவர் சிங்கராசா.

“ஓம்,” என்றார்.

கோட்டுக்காரர் எழும்பிக் கை கொடுத்தார். கொழும்பு முதலாளியின் வழக்கை நடத்தும் பிறக்கிறாசி அவர். வழக்கில் வென்றால் எந்தப் பங்காளிக்கு எந்த வீடு, எந்தக் காணி என்று விசாரிக்கத்தான் அறைவீட்டுக்கு வந்திருந்தாராம். இவ்வளவு லேசாக வழக்கு முடியும் என்று தான் நினைக்கவில்லை என்றும் சொன்னார்.

மீன் வெட்டிக் காயவைக்கும் கருவாட்டு வாடிக்குச் சிங்கராசா சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வந்தார். வாடியின் முன்னறைதான் கொம்பனியின் கந்தோர். ஆறு பங்காளிகளில் ஒருவரான, வள்ளமும் வலையும் வைத்திருந்த அருளப்புச் சம்மாட்டி அங்கே காத்திருந்தார். முற்றத்தில் சம்பளத்துக்குப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். சம்பளத்தைத் தாமதிக்க மனம் வராமல், சிங்கராசா கைநாட்டு வாங்கிக்கொண்டே, பெண்கள் காதில் விழாமல் நடந்ததைச் சொன்னார்.

“பிறக்கிறாசியிட்ட ‘ஏழு பேர்’ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே,” என்றார் அருளப்பு.

“எனக்குப் பொய் வராது சம்மாட்டியார். என்னை மன்னிக்க வேணும்.”

அருளப்பு பெருமூச்சு விட்டார். “பொய் சொல்லாத ஆளெண்டுதானே உம்மைத் தேடிப் பிடிச்சனாங்கள். அதுக்கு இப்ப கோவிக்கேலுமோ?”

சிங்கராசாவின் கண் கலங்கியது. கண்ணீர் சம்பளப் புத்தகத்தில் விழாமல் புத்தகத்தைத் தள்ளி வைத்தார். “றோசம்மாக்கா, இன்னொருக்கா வையுங்கோ. நடுவில விழேல்லை.”

“அது நான் குமரியா இருக்கேக்கை சுறா வெட்டப்போய்க் கத்தி பட்ட விரல் ஐயா. எத்தினை தரம் வைச்சாலும் உப்பிடித்தான்.” றோசம்மா விரலைச் சேலையில் துடைத்தாள். கொம்பனி தொடங்கிய நாளிலிருந்து அந்த வாடியில் மீன் வெட்டுகிறவள் அவள். “ஐயாவின்ர முகம் ஏன் வாடிக்கிடக்கு?”

“ஒண்டுமில்லை. கொழும்புப் பேப்பர் ஒண்டு.”

“ஓ, அது படிச்ச ஆக்களின்ர விசயம்,” என்று அவள் கத்தியடிக்குப் போய்விட்டாள்.

மூன்று மணிக்கு அவசரக் கூட்டம் கூடியது. ஆறு பங்காளிகளும் வந்தார்கள். கூப்பிடாமலே பிறக்கிறாசியும் வந்தார்.

“நான் ஒரு வழி சொல்லுறன்,” என்று சிங்கராசா எழும்பினார். “என்ர மாதச் சம்பளத்தில இப்பவே ஒரு பங்கு வாங்கிறன். நான் ஏழாவது ஆள்.”

ஆறு பேரும் அவரை அன்போடு பார்த்தார்கள். பிறக்கிறாசி இன்னும் அதிக அன்போடு பார்த்தார்.

“வாங்குங்கோ, நல்ல விசயம். அப்ப நேற்றுவரைக்கும் ஆறு பேர்தான் எண்டு உங்கட கையாலயே எழுதித் தந்ததாயும் போகும். போன கார்த்திகை நட்டம் ஆறு பேராய் இருக்கேக்கை வந்த நட்டம்தானே, அதுக்கு வீடும் பொறுப்பு.”

சிங்கராசா திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார்.

பிறக்கிறாசி தன் தயாளத்தை விரித்தார். இன்றைக்கே கொம்பனியை மூடி அதன் லொறியையும் வாடியையும் அவருடைய முதலாளிக்கு எழுதிக் கொடுத்தால், வீடுகளில் கைவைக்கமாட்டார்கள். இல்லாவிட்டால் திங்கட்கிழமை வழக்கில் ஆறு வீட்டையும் கேட்பார்கள்.

அபூசாலி தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்தார். “பிள்ளை குட்டியளோட றோட்டில நிக்கேலாது. வாடி போனா என்ன செய்யிறது, திரும்பவும் ஆளுக்காள் தனியத் தனிய விப்பம். மூடச் சம்மதமான ஆக்கள் கையை உயர்த்துங்கோ.”

ஆறு கைகளும் மெல்ல மெல்ல உயர்ந்தன. முற்றத்தில் கத்திச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வாடி போனால் அந்த முற்றத்து நாற்பது பெண்களின் வேலையும் போகும் என்பது அறையில் எல்லாருக்கும் தெரியும்.

“எழுதும்,” என்றார் பிறக்கிறாசி.

“எழுதேலாது,” என்றார் சிங்கராசா. “கொம்பனியை மூடுறதெண்டால் பதிவேட்டில இருக்கிற ஒவ்வொரு பங்காளியையும் கூப்பிட்டுக் கேக்க வேணும். எங்கட விதியில கிடக்கு.”

“அதுதான் கை உயர்த்திப்போட்டினமே.”

“கை வேற, கூப்பிட்டுக் கேக்கிறது வேற.”

இந்த மனுஷனை என்ன செய்வது? வீடு பற்றி எரிந்தாலும் வாளிக்கு ரசீது எழுதிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவார். அவர் எழும்பி நின்று ஒவ்வொரு பெயராக வாசித்தார். அபூசாலி “சம்மதம்” என்றார். அருளப்பு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆறு பேரும் முடிந்தார்கள். சிங்கராசா தாளைப் புரட்டாமல் நின்றார்.

“என்ன, புனிதரையும் கேக்கப்போறீரோ?” பிறக்கிறாசி சிரித்தார்.

“பதிவேட்டில வரி இருக்கு. வரி இருக்கிறவரைக்கும் கேக்கத்தான் வேணும்.” சிங்கராசா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி வாசித்தார். “ஏழாவது பங்காளி. முகவரி கோயிலடி. தொழில் மீன். பேரைக் கறையான் திண்டிட்டுது. இந்தக் கைநாட்டு வைச்ச ஆளிட்டக் கேக்கிறன், கொம்பனியை மூட உங்களுக்குச் சம்மதமோ?”

முற்றத்தில் கத்திச் சத்தம் நின்றது.

றோசம்மா வாசலில் வந்து நின்றாள். கையைக் கழுவிச் சேலையில் இரண்டு தரம் துடைத்தாள். பிறகு ஒருவரையும் பாராமல் மேசைக்கு வந்து, தன் பெருவிரலைப் பதிவேட்டில் அந்தக் கைநாட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கறையான் போன தடம் என்று சிங்கராசா நினைத்திருந்த வெள்ளைக் கோடு, அவளுடைய விரலில் கத்தி பட்ட தழும்பு தொடங்கிய இடத்தில் தொடங்கி, அது முடிந்த இடத்திலேயே முடிந்தது.

“ஏழு பேர் காணாமல் சரிபுதீன் ஐயா முழிச்சுக்கொண்டு நிண்ட அண்டைக்கு என்ர தோட்டைக் கழட்டிப் பங்குக்குக் குடுத்து வைச்ச கைநாட்டு இது, லாபத்தைத்தான் சந்தியோகுமையோருக்குப் போடச் சொன்னனான், பங்கை இல்லை. எனக்கு மூடச் சம்மதமில்லை ஐயா, என்ர பேரை எழுதிக்கொண்டு தபாலுக்கு ஓடுங்கோ, நாலு மணியாகப்போகுது.”