விமானத்தில் செல்லாத பஸ் வயது

பாசத்துக்கும் கோபத்துக்கும் குறைவில்லாத என் தங்கச்சிக்கு அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் தையல் மெஷினும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நீ சுகம்தான், போனில் மூச்சு வாங்காமல் திட்டினாயே, அதிலேயே தெரிந்துவிட்டது.

லீவுக்கு உன்னிடம் வந்த பிள்ளைகள், லீவு முடிந்து, அவர்கள் வளரும் என் வீட்டுக்குத் திரும்பும்போது நான் வந்து கூட்டிவர வேண்டாமாம், மாப்பிள்ளையின் மேனேஜர் இந்தப் பக்கம் வருகிறாராம், படித்தவராம், அவரோடு அனுப்பிவிடுவாயாம். நடக்காது. சின்னவன் நடுவானத்தில் "ஆய்" என்று எழுந்து நின்றால் அந்தப் படித்தவர் எந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார்?

பிள்ளைகளை உன்னிடம் கூட்டிவந்த அன்று ஏர்போர்ட்டில் மானம் போச்சு என்கிறாயே, போக வைத்தது யார்? பிள்ளைகளின் பிறப்பு சர்டிபிகேட், நீங்கள் இருவரும் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம், என் அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு துணி உறை தைத்துப் போட்டு, கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போனேன். கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டார்கள், அதற்குக்கூட நான் வாய் திறக்கவில்லை, அந்த ஆளின் சட்டைப் பொத்தான் ஒன்று தொங்குகிறது என்று மட்டும் சொன்னேன். அதற்கு முன்னால் டிக்கெட் கவுண்டரில்தான் வினை. அங்கிருந்த பெண் பெரியவளைப் பார்த்துச் சிரித்து, "பாப்பாவுக்கு என்ன வயசு?" என்றாள். உன் மகள் உடனே முழங்காலை மடக்கி, கன்னத்தை உள்ளே இழுத்து, "இன்னும் அஞ்சு முடியல ஆன்ட்டி" என்றாள். சர்டிபிகேட்டில் எட்டு! கண்டக்டர் வரும்போதெல்லாம் தொடையில் கிள்ளிக் கிள்ளி அரை டிக்கெட்டையும் மிச்சம் பிடிக்க நீ கொடுத்த பயிற்சி, விமானம் வரைக்கும் வந்து நிற்கிறது.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு போய்விட்டது. காகிதத்தைப் பார்க்கிறாள், பிள்ளையைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். "தம்பி, இவங்க யாரு?" என்று சின்னவனைக் கேட்டாள். அவன் என் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மா" என்றான். கடிதத்திலோ பெரியம்மா. அவ்வளவுதான், எங்களை ஓரமாக நிறுத்தி, பெரிய அதிகாரியைக் கூப்பிட்டு, உனக்குப் போன் போட்டார்கள். "ஏம்மா, இது யார் பிள்ளைங்க? நெசத்தைச் சொல்லு" என்றார் அவர். "மூக்கைப் பாருங்க சார், அந்த மூக்கு எங்க குடும்பத்தை விட்டு வேற எங்கயும் கெடைக்காது" என்றேன். மனிதர் மூன்று மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் நீ போனில் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டுத்தான் விட்டார்கள், கடைசி ஆளாக ஓடி ஏறினோம். சின்னவனுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டதாம், மடியில் வைத்தால் ஆகாதாம், என் டிக்கெட்டுக்குக் கிட்டத்தட்ட அதே காசு. பெல்ட் போடச் சொன்ன நேரம் போக வழி முழுக்க என் மடியில்தான் இருந்தான், காசு கொடுத்த சீட்டில் அவன் செருப்பு ஜம்மென்று உட்கார்ந்து வந்தது.

பெரியவள் முழங்கால் மடக்கியதற்கா நீ கோபப்படுகிறாய்? எனக்குத் தெரியாதா? அதிகாரி போனில் சொல்லி அந்த "அம்மா" உன் காதில் விழுந்துவிட்டது, அதற்குத்தான் மேனேஜர். கோபப்படு, நான் பயப்பட மாட்டேன். குளிப்பாட்டி, ஊட்டி, காய்ச்சலில் தோளில் போட்டு நடந்தவளை ஒரு பிள்ளை தானாக அம்மா என்றால் அதில் என்னடி தப்பு? நான் சொல்லிக் கொடுத்தா வந்தது? நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவள், பொய் சொல்லிக் கொடுக்கும் அளவுக்குப் படிக்கவில்லை. ஆகவே மறு தபாலில் என் பெயருக்கே புதுச் சம்மதக் கடிதம் வர வேண்டும். வராவிட்டால் வாசலில் வந்து உட்காருவேன்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. பெரியவள் நிமிர்ந்து நிற்கட்டும். எல்லாரும் நல்லா இருங்கள்.

இப்படிக்கு,
வாய் அடங்காத உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், மனசு ஒட்ட விடவில்லை. பெரியவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நீ, சின்னவனுக்கு நான்தான். அம்மா என்று கூப்பிட்டால் காகிதமெல்லாம் கேட்க மாட்டார்கள் என்று நினைத்து, ஒரு பாக்கெட் பிஸ்கட் கொடுத்துப் பழக்கினேன். அதற்கு முன் அவன் என்னை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. விமானத்தில் உட்கார்ந்ததும் காதோரம் வந்து, "பெரிம்மா, போதுமா? இனிமே எங்கம்மாவையே அம்மான்னு சொல்லட்டா?" என்று கேட்டான். மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். சம்மதக் கடிதத்தை மட்டும் அனுப்பு.