டெல்லா ஃபிஞ்சின் சிறந்த இருபத்திரண்டும் ஓர் உண்மையான ரசிகரும்

பாட்டு விஷயத்தில் மனிதர்கள் இரண்டு வகை. பாட்டைக் கேட்கிறவர்கள் ஒரு வகை. மற்றவர்கள் கேட்பதைப் பொறுக்க முடியாதவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகைக்கு ‘உண்மையான ரசிகர்’ என்று பெயர். நாம் வைத்த பெயர் அல்ல, அவரே வைத்துக்கொண்டது.

இவரைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை போதும். பெரிய பாடகி ஒருத்தியின் நாற்பது வருஷப் பாட்டுகளிலிருந்து பொறுக்கி எடுத்து, ‘சிறந்த இருபத்திரண்டு’ என்று அட்டையில் தங்க எழுத்தில் போட்டு, ஒரே சிடியில் அடைத்து விற்பார்கள் அல்லவா, அதை அவர் கையில் கொடுங்கள். ஈர டயப்பரைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடிப்பார். திருப்பிப் பட்டியலைப் படிப்பார். மூன்றாவது பாட்டில் பெருமூச்சு வரும். ஏழாவதில் மூக்கால் ஒரு சிரிப்பு. பதினாலாவதில் கண்ணை மூடிக்கொள்வார்; துக்க வீட்டில் நிற்கிறோமோ என்று உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும். பிறகு மெதுவாகக் கேட்பார், “இதை யாருப்பா பொறுக்கினது?” என்று.

நீங்கள் பொறுக்கவில்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்பீர்கள்.

நாலு வருஷம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டுப் போன மாதம்தான் ஆஸ்திரேலியாவில் இருக்கும் எங்கள் ஊர் வொலங்காங்குக்குத் திரும்பினேன். போன இடமெல்லாம் இந்த இனம் செழிப்பாகத்தான் இருக்கிறது. லிஸ்பன் விடுதியில் ஒருவர், தன் நாட்டுப் பாடகியின் ‘நல்ல காலம்’ எந்த வருஷம் எந்த மாதத்தோடு முடிந்தது என்று எனக்கு விளக்கியதில் ரயிலையே விட்டேன். ஆனால் முழு வளர்ச்சி அடைந்த ஒன்றைப் பார்க்க அவ்வளவு தூரம் போயிருக்கவே வேண்டாம். எங்கள் வீட்டு வேலிக்கு மேல் எட்டிப் பார்த்திருந்தாலே போதும். அந்தப் பக்கம் க்ளென் டக்கெட் இருக்கிறார்.

க்ளென் இரும்பாலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். டெல்லா ஃபிஞ்ச் எங்கள் ஊர்ப் பெண். அவள் அப்பாவின் மீன் வறுவல் கடை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. உலகத்துக்கு அவள் டெல்லா ஃபிஞ்ச். க்ளெனுக்கு ‘டெல்’. இருவருக்கும் நேரடிப் பேச்சுவார்த்தை உண்டு. எண்பத்திரண்டில், துறைமுகத்துக்குப் பக்கத்து மதுக்கடையில், இருபத்தேழு பேர் முன்னால் அவள் பாடிய அன்று, “கொஞ்சம் நகர்றீங்களா, வயர் மேல நிக்கிறீங்க” என்று அவள் க்ளெனிடம் சொன்னாள். அவர் நகர்ந்தார். இந்த உரையாடலை நான் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிறேன். வருஷத்துக்கு வருஷம் நீண்டுகொண்டே போகிறது. அன்று அந்தக் கடையில் இருந்ததாகச் சொல்லும் முந்நூறு பேரை எனக்கே தெரியும் என்பதை அவரிடம் சொல்லாமல் இருக்கிறேன்.

அவருடைய சித்தாந்தம் சிக்கலே இல்லாதது. லண்டனுக்கு விமானம் ஏறும்வரை டெல் கலைஞர். ஏறிய பிறகு வியாபாரி. லட்சக்கணக்கில் விற்ற பாட்டெல்லாம் குற்றம். யாரும் வாங்காமல் மூலையில் கிடந்ததெல்லாம் காவியம். அந்தக் குற்றங்களை ரசிப்பவர்களைப் பற்றிக் கேட்டால், அவர்கள் டெல்லா ரசிகர்களே இல்லை, ரேடியோ ரசிகர்கள் என்பார்.

இவ்வளவு வெறுப்பு இருக்கிறவர் டெல்லாவின் ‘சிறந்த இருபத்திரண்டு’ தொகுப்பை வாங்கினாரா என்று கேட்கிறீர்களா? மூன்று வாங்கினார். கடைசியில் ஒரே ஒரு புதுப் பாட்டு சேர்த்திருக்கிறார்களே, அதற்காக. ஒன்று கேட்க, ஒன்று உறை பிரிக்காமல் வைக்க, ஒன்று, முதல் இரண்டுக்கும் ஏதாவது ஆகிவிட்டால். புதுப் பாட்டை மட்டும் கேட்டார். “பழைய டெல் இல்ல” என்றார். மூன்றையும் அலமாரியில் பூட்டினார். அவர் மனைவி மொரீனுக்கு டப்போ ஊரிலிருந்து அவள் அக்கா அனுப்பிய நாலாவது பிரதி மட்டும் வீட்டுக்குள் அனுமதி கிடைக்காமல் வாசலில் நிற்கும் யூட் வண்டியின் பாட்டுப் பெட்டிக்குள் குடியேறியது.

இப்போது மொரீனைப் பற்றி. இரண்டு முழங்காலையும் அறுவை சிகிச்சையில் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி, ஒன்றரை வருஷம் கைத்தடியோடு நடந்தவள். அறுபதாவது பிறந்தநாளில் அவளுக்கு ஒரே ஒரு ஆசை: ‘உப்புக்காற்று’ பாட்டுக்கு வரிசையில் நின்று ஆட வேண்டும். தொகுப்பில் நாலாவது பாட்டு அது. அந்த ஆட்டத்தை எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: வலப்பக்கம் நாலு அடி, இடப்பக்கம் நாலு, குதிகால், கைத்தட்டல், கால் திருப்பம். கல்யாணமோ கால்பந்து விருந்தோ, அந்தத் தாளம் விழுந்தால் கிழவர் குழந்தை எல்லோரும் தட்டைக் கீழே வைத்துவிட்டு வரிசை கட்டுவோம். எட்டு மாதமாக மொரீன் தினமும் காலையில் யூட்டின் கதவைத் திறந்து வைத்து, பாட்டைப் போட்டு, கதவைப் பிடித்தபடி அந்த நாலு அடியைப் பழகினாள். முதலில் ஒரு அடி. ஈஸ்டர் வாக்கில் இரண்டு. கால் திருப்பம் வந்த அன்று கதவை விட்டுவிட்டு அழுதாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று என் அம்மாவும் அழுதாளாம்.

விழாவுக்கு க்ளெனிடம் அவள் கேட்டது ஒன்றுதான். “அந்த சிடிய போடு. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும். வேற எதுவும் வேணாம்.”

“பாட்டு விஷயத்த என்கிட்ட விடு” என்றார் க்ளென். இதைவிட அபாயகரமான வாக்கியத்தை இரண்டு கண்டத்தில் நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் எங்கள் பௌல்ஸ் கிளப்பில், அறுபது பேர். நுழைந்ததுமே விபரீதம் தெரிந்துவிட்டது: ஒவ்வொரு மேசையிலும் நாலு பக்கத்துக்கு ஒரு தாள். அதில் பாட்டின் பெயர், பதிவு செய்த தேதி, கிடார் வாசித்தவர் யார், அவர் ஏன் விலகினார். தொகுப்பின் இருபத்திரண்டில் ஒன்றுகூட இல்லை. இது க்ளென் திருத்திய தொகுப்பு. இசைத்தட்டின் பின்புறம் ஒளிந்திருந்த பாட்டுகள், ஒத்திகைகள், பாதியில் நின்றுபோனவை. ஒன்றில் நடுவில் டிரம்காரர் இருமுகிறார். அந்த இருமலைத் தவறவிடாதீர்கள் என்று தாளில் அடிக்கோடு போட்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் மண்டபம் காலியாகி, வெளியே ஒரே ஒரு அடுப்பில் வேகும் சாசேஜைத் திருப்பிப் போடப் பதினோரு பேர் நின்றார்கள். உள்ளே பாவ்லோவா கேக்கின் மேல் ஸ்ட்ராபெரி மட்டும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு க்ளென் மைக்கைப் பிடித்தார். அடுத்தது தாளில் இல்லாத பாட்டு, ‘உப்புக்காற்று’ என்றார். அவ்வளவுதான், பதினோரு பேரும் இடுக்கியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தார்கள். மொரீன் கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு முதல் வரிசையில் போய் நின்றாள். பின்னால் நாற்பது பேர். க்ளென் இன்னும் ஒன்பது நிமிஷம் பேசினார். மாற்றிய முழங்காலோடு ஒன்பது நிமிஷம் நிற்பது எப்படி இருக்கும் என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. அப்புறம் பொத்தானை அழுத்தினார்.

ஒரு கிடார். ஒரு சின்னப் பெண்ணின் தூக்கக் கலக்கக் குரல். டிரம் இல்லை, தாளம் இல்லை. பின்னணியில் எண்ணெயில் ஏதோ பொரிகிற சத்தம். நாற்பது வலது கால்கள் அந்தரத்தில் தூக்கியபடி நின்றன. எங்கே வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மொரீன்தான் முதலில் காலைக் கீழே வைத்தாள்.

“க்ளென், என்ன இது?”

“முதல் பதிவு. அவங்கப்பா கடை பின்கட்டுல எடுத்தது. உலகத்துலயே ஆறு பேர்கிட்டதான் இருக்கு. உனக்குன்னே எடுத்து வச்சிருந்தேன் மோ.”

“இதுக்கு எப்படி ஆடறது?”

“இது ஆடறதுக்கு இல்ல. கேக்கறதுக்கு.”

சொன்னபோது அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மனைவியின் உள்ளங்கையில் வைரத்தை வைத்துவிட்டு, மூடிக்கொள் என்று சொல்கிற முகம். இந்த இனத்தின் மேல் முழுசாகக் கோபப்பட முடியாமல் போவது இதனால்தான். கெட்ட எண்ணம் என்றால் சண்டை போடலாம். இவர்கள் அன்பாகக் கெடுக்கிறார்கள்.

மொரீன் கைப்பையைத் திறந்தாள், சாவியை எடுத்தாள், வாசலைப் பார்த்து நடந்தாள். கைத்தடியை எடுக்கவில்லை. அவளோடு பௌல்ஸ் ஆடும் பெவ் மட்டும் போகிற போக்கில் க்ளெனிடம் நின்றாள். “உன் கையில விட்டா டெல்லாவே நேர்ல வந்தாலும், பாடாதம்மா, சும்மா தொண்டைய மட்டும் செருமுன்னு சொல்லுவ” என்றாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் யூட்டின் இரண்டு கதவும் திறந்தன. நாலாவது பாட்டு. ஒலியை முழுசாகத் திருகினாள். டிரம் விழுந்ததும், இரண்டு வரிசைக் கார்களுக்கு நடுவே நாற்பது பேர் ஒரே சமயத்தில் வலப்பக்கம் நகர்ந்தார்கள். எதிர்ப்பக்கம் பேருந்துக்கு நின்ற இரண்டு பெண்கள் பைகளைக் கீழே வைத்துவிட்டுச் சாலையைக் கடந்து வந்து கடைசி வரிசையில் சேர்ந்தார்கள். நாலு அடி, நாலு அடி, குதிகால், தட்டல். கால் திருப்பத்தில் மொரீன் லேசாகத் தள்ளாடினாள். பெவ் கையை நீட்டினாள். மொரீன் பிடிக்கவில்லை. திரும்பிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து க்ளென் படியிறங்கி வந்தார், ஆள்காட்டி விரலை உயர்த்தியபடி. எல்லோரும் இரண்டாவது வரியை முதலில் பாடிக்கொண்டிருந்தார்கள். அதைச் சொல்லத்தான் வருகிறார் என்று அந்த விரலே சொன்னது. மொரீன் ஆட்டத்தை நிறுத்தாமல் பேசினாள்.

“வாயத் தொறந்தீன்னா வீட்டுக்கு நடந்துதான் வரணும். வரிசையில நில்லு.”

நின்றார். எனக்குப் பக்கத்தில்தான். உண்மையைச் சொல்லியாக வேண்டும், அந்த வெட்டவெளியில் அவரைப்போல் சுத்தமாக ஆடியவர் யாரும் இல்லை. குதிகால் ஒவ்வொன்றும் தாளத்தில் ஆணி அடித்ததுபோல் விழுந்தது. இந்தக் குற்றத்தை இவ்வளவு நாளும் எங்கே ஒளிந்து பழகினாரோ. மூன்றாவது திருப்பத்தில் என் காதருகே குனிந்து, இது ரேடியோவுக்காக நாற்பது வினாடி வெட்டியது என்று கிசுகிசுத்தார். மொரீனுக்குக் கேட்கவில்லை. அவள் அந்தப் பாட்டை மட்டும் ஐந்து முறை போட வைத்து, ஐந்து முறையும் முழுசாக ஆடினாள். மற்ற இருபத்தொன்றையும் யாரும் தேடவில்லை.

க்ளெனைப் பார்த்து நன்றாகச் சிரித்தீர்கள். நல்லது. நீங்கள் அப்படி இல்லை. உங்களுக்கு எல்லாப் பாட்டும் பிடிக்கும், எல்லோருடைய ரசனையையும் மதிப்பீர்கள். இருக்கட்டும். இப்போது உங்கள் வீட்டில், அடுத்த அறையில், யாரோ ஒருவர் துணி மடித்துக்கொண்டே ஒரு பாட்டை முணுமுணுக்கிறார். உங்களுக்கு மிகவும் பிடித்த பாட்டு. சரணத்தில் ஒரு வார்த்தையைத் தப்பாகப் பாடுகிறார். மறுபடியும் அதே வார்த்தை, அதே தப்பு.

எழுந்துவிட்டீர்களே. உட்காருங்கள்.